பன்னிரண்டு பாக்கு

திருச்சுழி காவல் நிலையத்தில் 11.06.2025 புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, மனு விசாரணை சம்பந்தமாக நேரில் ஆஜராகிச் சொல்லிய வாக்குமூலம்.

என் பெயர் அழகுத்தாய். வயது 67. கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஆதார் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டபடி சீனிச்சாமி, காலமாகிவிட்டார். பரளச்சி, கிழக்குத் தெருவில் என் மகன் காளீஸ்வரன் வீட்டில் குடியிருந்து வருகிறேன். மகன் அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறான். அவன் மகள் பாண்டீஸ்வரி திருச்சுழியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். கையெழுத்துப் போடுவேன், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

சிலம்ப மாஸ்டர் நல்லமுத்து என்பவர் மீது சௌந்தரபாண்டியன் என்பவர் கொடுத்திருக்கும் மனுவில் என் பெயர் இல்லை. என்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவும் இல்லை. மகனிடம் சொல்லாமல் ஏழரை மணி பஸ்ஸில் ஏறி நானாக வந்திருக்கிறேன். மனுவில் கண்ட சுவாதி என்ற பிள்ளை, மேற்படி சௌந்தரபாண்டியனின் மகள். அவர்கள் பரளச்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்கள். சௌந்தரபாண்டியனின் தாயார் சுப்பம்மாள். அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் 2001ஆம் வருடம் ஆடி மாதம் முதல் பேச்சு கிடையாது. அதற்கான காரணத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, அப்போது ஒன்பது வயதான என் மகள் ராஜேஸ்வரியைச் சோப்பு வாங்க அந்தக் கடைக்கு அனுப்பினேன். கடையில் தொங்கவிட்டிருந்த கிளிப்பு அட்டையில் ஒரு ஜோடி குறைந்தது என்று சுப்பம்மாள் என் மகளை நிறுத்தி, "பாவாடைய ஒதறு புள்ள" என்று சொல்லியிருக்கிறார். கடையில் ஏழு பேர் நின்றார்கள். யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன். பச்சைப் பாவாடை. உதறியதில் காசு கொடுத்து வாங்கிய சோப்பும் வழியில் பொறுக்கிய இரண்டு புளியங்காயும் விழுந்தன. எல்லாரும் சிரித்தார்கள். நாலு நாள் கழித்து அந்தக் கிளிப்பு அரிசி மூட்டைக்கு அடியில் கிடைத்தது. கிடைத்தது என்று எங்கள் வாசலில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு நான் முனியாண்டி கோவிலுக்குப் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, அந்த வீட்டு ஆட்கள் பெயர் என் நாக்கில் வராது, அவர்கள் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இருபத்து நாலு வருடம் அதைக் காப்பாற்றினேன். அந்தக் கடையைக் கடக்கும்போது முகத்தைக் கருவேலங்காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் போவேன்.

என் பேத்தி பாண்டீஸ்வரியும் மேற்படி சுவாதியும் திருச்சுழிப் பள்ளியில் நல்லமுத்து மாஸ்டரிடம் ஒன்றாகச் சிலம்பம் கற்று வந்தார்கள். இந்த வருடம் மே மாதம் மலேசியாவில் பினாங்கு என்ற ஊரில் நடந்த போட்டிக்குப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளை மாஸ்டர் தேர்வு செய்தார். கூட வர வேண்டிய ஜெகதீஸ்வரி டீச்சருக்குக் கடைசி நேரத்தில் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. பெண் துணை இல்லாமல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் ராஜேஸ்வரியின் பிரசவத்துக்கு மூன்று வருடம் முன்பு நான் போய் வந்ததால் என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. மாஸ்டர் வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, நீங்க வந்தா பன்னெண்டு புள்ளைகளும் போகும், இல்லன்னா ஒண்ணுகூடப் போகாது" என்று கேட்டார். அந்தப் பன்னிரண்டில் ஒன்று யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துதான் நான் சம்மதித்தேன்.

புறப்பட்ட அன்றே மாஸ்டர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, வேனில் ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும், பிள்ளை "இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று சொன்னார். எனக்குப் படிக்க வராது என்றாலும் பாண்டீஸ்வரி ஒரு தடவை வாசித்துக் காட்டியதில் பன்னிரண்டு பெயரையும் பிடித்துக்கொண்டேன். இப்போது கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். பதினொரு பெயரைச் சொல்ல எனக்குத் தடை இல்லை. பன்னிரண்டாவது பெயருக்குத்தான் சத்தியம் குறுக்கே நின்றது. ஆகவே நான் மாஸ்டரிடம், "புள்ளைகளப் பேரு சொல்லி எண்ணுனா கண்ணு பட்டுரும் மாஸ்டர், நான் பாக்கு வச்சு எண்ணிக்கிறேன்" என்று சொன்னேன். அது நான் கட்டிச் சொன்ன பொய். மாஸ்டர் சிரித்துக்கொண்டு, "எதையாச்சும் வச்சு எண்ணுங்க, ஆளு மட்டும் கொறையக் கூடாது" என்றார். மதுரை விமான நிலையத்தில் என் வெற்றிலையை வாங்கிக்கொண்டார்கள், பாக்கை விட்டுவிட்டார்கள். பன்னிரண்டு பாக்குத் துண்டை எண்ணி முந்தானையின் ஒரு முனையில் முடிந்துகொண்டேன். ஒரு பிள்ளை ஏறினால் ஒரு பாக்கை எடுத்துச் சுருக்குப்பையில் போடுவேன். முடிச்சில் பாக்குத் தீர்ந்தால் எல்லாரும் ஏறியாயிற்று என்று கணக்கு. அதன் பிறகு எல்லாவற்றையும் திரும்ப முடிந்துகொள்வேன். முதல் இரண்டு நாளும் இப்படியே எண்ணியதில் தவறு ஏதும் நடக்கவில்லை.

23ஆம் தேதியும் 24ஆம் தேதியும் போட்டி நடந்தது. என் பேத்தி முதல் சுற்றிலேயே தோற்றாள். சுவாதி இரண்டாம் பரிசு வாங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. இதையும் மறைக்கவில்லை.

25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் விமானம் என்பதால், மாஸ்டர் பிள்ளைகளை ஊர் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போனார். "இன்னைக்கு எவளும் கம்பத் தொடக் கூடாது. தொட்டா நாளைக்கு அவள மட்டும் நடக்கவிட்டுக் கூட்டிட்டுப் போவேன்" என்று சொன்னார். இரண்டு வேன் அமர்த்தியிருந்தது. நான் இருந்த வேனை ஓட்டியவர் மணியம் என்ற அந்த ஊர்த் தமிழர். காலை ஒன்பதரை மணிக்கு மலையடிவாரத்தில் இருந்த பறவைப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்டிருந்தார்கள். கிளியைக் கையில் வைத்துப் படம் எடுத்தார்கள், ஒருத்தி தலையில் கிளி எச்சமிட்டதற்கு அரை மணி நேரம் சிரித்தார்கள். மணியம் என்னிடம், "ஏன் பாட்டி முகத்த இப்படி வச்சிருக்கீங்க, உங்க ஊர்ல கிளி இல்லையா?" என்று கேட்டார். "எங்க ஊருல கிளி சோளக் கருத வந்து திங்கும், நாங்க தகரத்தத் தட்டி வெரட்டுவோம். இங்கன அதுக்குச் சோறு வச்சு வேடிக்கை பாக்குறீக" என்று நான் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். உள்ளபடி சொன்னால் அன்று காலை நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆகாயம் மூடி, வெயில் இல்லாமல் இருந்தது.

அதன் பிறகு பன்னிரண்டு மணிக்கு அங்கேயே சாப்பிட்டோம். குழம்பு தித்திப்பாக இருந்தது, எனக்கு வாய் சரியில்லை. பிள்ளைகளும் மாஸ்டரும் மேலே உள்ள கூண்டுகளைப் பார்க்கப் படியேறிப் போனார்கள். முழங்கால் வலியால் நான் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வாக்கில், என்ன செய்கிறோம் என்ற நினைப்பு இல்லாமல், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, திரும்ப முடிந்துகொண்டேன். நாற்பது வருடப் பழக்கம். கை தன்னால் செய்தது.

அதன் பிறகு சுமார் ஒன்றேகால் மணிக்கு சுவாதி மட்டும் தனியாகக் கீழே இறங்கி வந்து, நான் இருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நீட்டி, "அப்பத்தா, தண்ணி குடிங்க. காலையில இருந்து நீங்க தண்ணியே குடிக்கல" என்றது. நான் வாங்கவில்லை, திரும்பவும் இல்லை. பாட்டிலை எனக்கும் அதற்கும் நடுவில் வைத்தது. அதன் பிறகு எழுந்து, "அப்பத்தா, எனக்கு வயிறு வலிக்குது. பாத்ரூம் போயிட்டு வாரேன். நேரமாகும். மாஸ்டர்ட்டச் சொல்லிருங்க" என்று சொன்னது. நான் கருங்குயில் மாதிரி இருந்த ஏதோ ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஒன்றரை மணிக்குத் தூறல் விழுந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டு வேனும் வாசலில் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நான் நடுவில் நின்று எண்ணினேன். நான் முகத்தைப் பார்த்து எண்ணுவதில்லை. முகத்தைப் பார்த்தால் அந்த முகத்தையும் பார்க்க வேண்டி வரும் என்று முதல் நாளிலிருந்தே குனிந்து படியேறும் காலைத்தான் பார்த்து எண்ணி வந்தேன். முடிச்சில் பாக்குத் தீர்ந்தது. மாஸ்டர் முன் வேனிலிருந்து தலையை நீட்டி, "பன்னெண்டும் ஏறிருச்சா பெரியம்மா?" என்று கேட்டார். "ஏறிருச்சு மாஸ்டர்" என்று நான் சொன்னேன். பாத்ரூம் போன பிள்ளை வந்துவிட்டதா என்று நான் பார்க்கவில்லை. பாக்குத் தீர்ந்துவிட்டதால் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். வேனுக்குள் ஒரு பிள்ளை "சுவாதி எங்கடி?" என்று கேட்டதும், இன்னொருத்தி "முன் வேன்ல இருப்பா" என்று சொன்னதும் நடந்தது.

அதன் பிறகு நாற்பது நிமிடம் ஓடிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாஸ்டர் படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளை இரண்டு இரண்டாக நிற்கச் சொன்னார். என் பேத்தி பாண்டீஸ்வரிக்கு ஜோடி இல்லை. மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுருக்குப்பையிலிருந்த பாக்கை மணலில் கொட்டி எண்ணினேன். பதினொன்று இருந்தது. எனக்கு நாக்கில் அந்த ஒரு பாக்கின் துவர்ப்பு இன்னும் இருந்தது. நான் அப்போதே மாஸ்டரிடம், "ஒண்ண நான் தின்னுட்டேன்" என்று சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, "வேன்ல ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

மற்றப் பிள்ளைகளை இன்னொரு வேன்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, மணியம் வேனில் மாஸ்டரும் நானும் பூங்காவுக்குத் திரும்பினோம். மழை பெரிதாகப் பெய்தது. மாஸ்டர் உள்ளே தேட ஓடினார். மணியம் என்னை வாசலில் உள்ள அறிவிப்புச் சன்னலுக்குக் கூட்டிப் போனார். அங்கே சீருடையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். காணாமல் போனவரின் பெயரைக் கேட்டாள். "பதினேழு வயசுப் புள்ள, மஞ்சப் பனியன்" என்றேன். "பேரு சொல்லுங்க பாட்டி" என்றாள். "மாநெறமா இருக்கும், ரெட்டைச் சடை" என்றேன். "பேரு இல்லாம மைக்குல எப்படி பாட்டி கூப்பிடறது?" என்றாள். மணியம் என் தோளைத் தொட்டு, "என்ன பாட்டி, பிள்ள பேரே தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அந்தப் பெண், "நீங்களே கூப்பிடுங்க, ஊர்க் குரல் கேட்டா பிள்ள வந்துரும்" என்று மைக்கை என் பக்கம் திருப்பினாள். நான் மைக்கில், "பரளச்சி சுப்பம்மா பேத்தி, சௌந்தரபாண்டியன் மக சுவாதி, வாசலுக்கு வா தாயி" என்று கூப்பிட்டேன். ஒன்பது தடவை கூப்பிட்டேன். கூண்டிலிருந்த பறவைகள் கத்தின. யாரும் வரவில்லை.

அதன் பிறகு பூங்கா ஆள் ஒருவர் வந்து, ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஒரு பிள்ளை ஒரு வேனைத் துரத்திக்கொண்டு சரிவில் ஓடி, நனைந்த படியில் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று சொன்னார். அது எங்கள் வேன் அல்ல. ஏதோ ஒரு வெள்ளை வேன். நான் மைக்கில் பெயரைச் சொன்ன நேரம் பிள்ளை அங்கே இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் வலது கை மணிக்கட்டுக்கு மேல் எலும்பு இரண்டாக முறிந்திருப்பதாகச் சொல்லிக் கட்டுப் போட்டுவிட்டார்கள். மறுநாள் அதே கட்டோடு விமானத்தில் வந்தது. வரும் வழி முழுக்க எனக்குப் பக்கத்து இருக்கை. இடது கையால் சாப்பிட வராமல் இருந்ததால் நான் ஊட்டினேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

28ஆம் தேதி மதுரையில் தகடு வைத்து ஆபரேஷன் நடந்தது. ஒரு வருடம் கம்பு எடுக்கக் கூடாது, அதற்குப் பிறகும் முன்போல் வீசும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாக அறிகிறேன். ஆகஸ்டு மாதம் மாநில அணிக்குத் தேர்வு இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜுக்குப் போகும் என்று அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள்.

அதன் பிறகு ஜூன் 4ஆம் தேதி சௌந்தரபாண்டியன் மேற்படி மனுவைக் கொடுத்தார். அதில் மாஸ்டர் அஜாக்கிரதையாகப் பிள்ளையை எண்ணாமல் விட்டுப் போனதாக எழுதியிருக்கிறது. மாஸ்டரும் விசாரணையில், எண்ணிக்கை தன் பொறுப்பு, தானே தவறிவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். வழக்குப் பதிவானால் அவருக்கு வேலை போய்விடும். பள்ளியில் இப்போதே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாலையில் கம்பு சுற்றின மைதானத்தில் இப்போது ஆடு மேய்கிறது. நான் மாஸ்டர் வீட்டுக்குப் போய், "எண்ணுனது நான்தான, நீங்க எதுக்கு ஏத்துக்கிறீக?" என்று கேட்டதற்கு, "உங்கள இழுத்தா ரெண்டு குடும்பமும் வெட்டிக்கிட்டுச் சாவீக பெரியம்மா. சும்மா இருங்க" என்று சொன்னார்.

முந்தாநாள், 9ஆம் தேதி காலை, நான் சௌந்தரபாண்டியன் வீட்டுக்குப் போனேன். 2001க்குப் பிறகு அந்த வாசலை மிதித்தது அதுதான். சுப்பம்மாள் கதவை மறித்து நின்று, "இன்னும் என்ன ஒடைக்கணும்னு வந்திருக்க?" என்று கேட்டார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த சுவாதி, "ஆச்சி, அவங்கள ஏசாதீங்க. நான் பாத்ரூம் போறேன்னு அப்பத்தாட்டச் சொன்னேன், அவங்களுக்குக் காது கேக்கல போல. நான்தான் சத்தமாச் சொல்லாம விட்டுட்டேன்" என்று சொன்னது. மூன்று நாள் கூட இருந்தும் ஒரு தடவைகூட நான் பதில் சொல்லாததால், பிள்ளை என்னைச் செவிடு என்றே நினைத்திருக்கிறது. மாஸ்டரும் மணியமும் சத்தமாகப் பேசியதால்தான் அவர்களுக்கு நான் பதில் சொன்னதாக எண்ணிக்கொண்டதாம். விமானத்திலும் அதனால்தான் பேசவில்லையாம். சுப்பம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செவிட்டுக் கெழவியப் போயி காவலுக்கு அனுப்புனாகளே" என்று சொல்லி வழியை விட்டார். உள்ளே போய் உட்காரச் சொன்னார். காப்பியும் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன். எனக்குக் காது கேட்கும் என்று அங்கே சொல்லவில்லை. இருபத்து நாலு வருடத்தில் அந்த வீட்டுக்கு முன்னால் நான் தலை குனிந்தது அந்த ஒரு காப்பிக்குத்தான்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன், "நல்லதாப் போச்சு. யார் கேட்டாலும் காது கேக்காதுன்னே சொல்லிரு. கெழவியப் பாவம்னு விட்டுருவாக" என்று சொன்னான். பாண்டீஸ்வரியும் அதையே சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். சுவாதி வயிறு வலிக்கிறது என்று சொன்னதும், நேரமாகும் என்று சொன்னதும், மாஸ்டரிடம் சொல்லச் சொன்னதும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. மாஸ்டரிடம் போய் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வருமே என்றுதான் சொல்லாமல் இருந்தேன். பாக்கைத் தின்றது மறதி. இது மறதி அல்ல. ஆகவே நடந்ததற்கு நல்லமுத்து மாஸ்டர் பொறுப்பு அல்ல என்றும், என் மீது என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். சுப்பம்மாள் 2001இல் செய்தது செய்ததுதான், அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கும் இந்தப் பிள்ளையின் கைக்கும் சம்பந்தம் இல்லை.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வாசலில் நின்ற காவலர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "வயசான காலத்துல இந்தக் கெழவிக்கு இது தேவையா, காது கேக்கலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்று குசுகுசுவென்று சொன்னார். அதுவும் எனக்குக் கேட்டது. அதையும் எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில் "காதில் விழாததால் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு "காதில் விழுந்தும் சொல்லவில்லை" என்று திருத்தச் சொன்னேன். திருத்தி, மறுபடி வாசித்தார்கள். இப்போது நான் சொன்னபடி உள்ளது. யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்)
சீ. அழகுத்தாய்